364 நாள் கணக்கு: அமெரிக்கப் பணிப்பயிற்சி விதிகளும் அயல்நாட்டு மாணவரும்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் 364 என்ற எண்ணைச் சொன்னால் விளக்கம் கேட்கமாட்டார்கள். படிப்புக்கு நடுவே முழுநேரப் பணிப்பயிற்சியாக 12 மாதம் வேலை பார்த்துவிட்டால், பட்டம் வாங்கிய பிறகு கிடைக்கவேண்டிய ஓராண்டு வேலை அனுமதி அடியோடு போய்விடும். அதனால் ஒரு நாளைக் குறைத்து 364-இல் நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டம் முடிந்ததும் எண்ண வேண்டியது 90 ஆகிறது; வேலையில்லாமல் கழியும் நாட்கள் மொத்தமாக அதைத் தாண்டக்கூடாது. அனுமதிக்கு விண்ணப்பிக்கப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்னிருந்து, முடிந்து 60 நாள் பின்வரை அவகாசம். பகுதிநேரம் என்றால் வாரத்துக்கு 20 மணி. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால், அது அபராதம் கட்டித் தீர்க்கும் தவறாகப் பெரும்பாலும் முடிவதில்லை. நாட்டில் தங்கும் தகுதியே ஆட்டங்காண்கிறது.

இந்த எண்களை மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பணிப்பயிற்சிக்கு ஒப்புதல் தருவது கல்லூரி. உழைப்பைப் பெறுவது நிறுவனம். விதியை எழுதுவதும் மாற்றுவதும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. இம்மூவரில் யார் தவறு செய்தாலும் விமான நிலையத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கப்படுபவர் நான்காவது ஆள். அமெரிக்கப் பணிப்பயிற்சி விதிகளின் முக்கால் நூற்றாண்டு வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு மீண்டும் மீண்டும் கண்ணில் படுவது இந்த ஏற்பாடுதான். அது தற்செயலாக அமைந்ததும் அல்ல.

முதலில் அளவு. ‘ஓப்பன் டோர்ஸ்’ என்ற ஆண்டறிக்கையின்படி 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த அயல்நாட்டு மாணவர்கள் 11.26 லட்சம் பேர். அவர்களில் இந்தியர் 3.31 லட்சம், அந்த ஆண்டில்தான் இந்தியா சீனாவை முந்தி முதலிடத்துக்கு வந்தது. 11.26 லட்சத்தில் 2.42 லட்சம் பேர் வகுப்பில் இல்லை, பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி என்ற பெயரில் வேலையில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு இந்தத் தொகை 2.94 லட்சமாக உயர்ந்தது. மாணவர் என்று அமெரிக்கா கணக்கில் எழுதும் அயல்நாட்டவரில் நான்கில் ஒருவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

மாணவர் விசாவான எஃப்-1 வைத்திருப்பவர் கல்லூரி வளாகத்துக்கு வெளியே படிப்பு சார்ந்த வேலை பார்க்க இரண்டு வழிகள் உள்ளன. படிக்கும்போதே பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்யும் பயிற்சி சிபிடி. படித்த துறையில் பொதுவாகச் செய்யும் பயிற்சி ஓபிடி. படிப்பின்போதும் எடுக்கலாம் என்றாலும் பெரும்பாலோர் பட்டத்துக்குப் பிறகுதான் எடுக்கிறார்கள். ஓபிடிக்குக் குடியேற்றத் துறையிடம் கட்டணம் கட்டி விண்ணப்பித்து, அவர்கள் அனுப்பும் வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சிபிடிக்கு அப்படி எதுவும் இல்லை. கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலர், டிஎஸ்ஓ என்று மாணவர்கள் அழைக்கும் அந்த ஒருவர், ‘செவிஸ்’ என்ற அரசுக் கணினித் தொகுப்பில் நிறுவனத்தின் பெயரையும் தொடக்க நாளையும் முடிவு நாளையும் பதிந்து, மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும், வேலைக்குப் போகலாம். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் அது அனுமதியற்ற வேலை.

குடியேற்றச் சட்டத்தில் அரசு அலுவலர் அல்லாத ஒருவருக்கு இவ்வளவு அதிகாரம் வேறெங்கும் எளிதில் காண முடியாது. அதற்கு விதி வைக்கும் நிபந்தனை, அந்தப் பயிற்சி நிலைபெற்ற ஒரு பாடத்திட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும் என்பது. ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்கவும் வேண்டும். கூடவே ஒரு விலக்கு: படிப்பு தொடங்கும்போதே பயிற்சி தேவைப்படும் பட்டமேற்படிப்புகளுக்கு இந்த ஓராண்டுக் காத்திருப்பு இல்லை. இந்த ஒற்றை விலக்கின் மேல் பின்னாளில் ஒரு தொழிலே எழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வகுப்பறையிலிருந்து பட்டறைக்கு

படிப்பையும் வேலையையும் ஒரே பாடத்திட்டத்தில் பின்னுவது அமெரிக்காவில் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், பொறியியல் மாணவர் 27 பேரை முறை வைத்து வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பினார். பட்டறையில் கற்க வேண்டியதைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாது என்பது அவர் கண்டது. மூன்றாண்டில் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் இதைப் பின்பற்றியது. 1957-இல் கனடாவின் வாட்டர்லூ இந்த முறையின் மேலேயே ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டியெழுப்பியது. இன்றைய சிபிடி விதியில் வரும் கூட்டுறவுக் கல்வி என்ற வகை இந்த மரபின் வாரிசு. நல்ல கல்லூரிகளில் அது இன்றும் ஷ்னைடர் நினைத்தபடியே நடக்கிறது. துறைப் பேராசிரியர் ஒருவர் வேலையைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறார், மாணவர் அதற்கென ஒரு பாடத்தில் பதிகிறார், முடிவில் அறிக்கை எழுதுகிறார், மதிப்பெண் விழுகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

குடியேற்றச் சட்டத்துக்குள் பயிற்சி நுழைந்த கதை வேறு. 1924 சட்டம் மாணவரைத் தனி வகையாக ஏற்றது. படிப்பு ஒன்றுக்காக மட்டுமே வருபவர் என்பது நிபந்தனை. 1947-இல் வந்த ஒரு நிர்வாக விதி, கல்லூரி பரிந்துரைத்தால் ஆறு மாதம் செயல்முறைப் பயிற்சிக்காக வேலை பார்க்கலாம், மேலும் இருமுறை ஆறாறு மாதம் நீட்டிக்கலாம் என்றது. 1952-இல் நாடாளுமன்றம் குடியேற்றச் சட்டத்தைப் புதிதாக இயற்றியபோது எஃப் வகை விசா பிறந்தது. பயிற்சி பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. விதி மட்டும் தொடர்ந்தது. 1992-இல் அது இன்றைய வடிவத்தில் சிபிடி, ஓபிடி என்று இரண்டாகப் பிரிந்தது. ஓபிடிக்கு 12 மாதம் என்று வரம்பு வந்தது.

ஆக லட்சக்கணக்கானோர் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ஒரு வாய்ப்பு, நாடாளுமன்றம் எழுதிய சட்டத்தில் நேராக இல்லை. நிர்வாகம் தந்தது, நிர்வாகம் நினைத்தால் சுருக்கலாம். இதன் முழுக் கனமும் 2008-க்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் பெற்றோருக்கு ஓபிடியை மேலும் 17 மாதம் நீட்டி அரசு ஓர் இடைக்கால விதி வெளியிட்டது. காரணத்தை ஒளிக்கவில்லை. எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தனியாக 20,000 என்று வரம்பு; அது போதவில்லை, நிறுவனங்கள் திறமையாளரை இழக்கின்றன என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். அவசரம் என்று சொல்லி, வழக்கமாகச் செய்ய வேண்டிய பொதுக் கருத்துக் கேட்பையும் விட்டுவிட்டார்கள்.

வாஷ்டெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும், வாஷிங்டன் மாநிலத் தொழில்நுட்ப ஊழியர்களின் சங்கம் 2014-இல் வழக்குப் போட்டது. 2015 ஆகஸ்டில் நீதிபதி எலன் ஹுவெல் விதியைச் செல்லாததாக்கினார். பயிற்சி தருவதே தவறு என்று அவர் சொல்லவில்லை. அவசரம் என்ற சாக்கை ஏற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வந்திருந்தால் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு விமானம் ஏற வேண்டியிருந்திருக்கும். அதனால் அரசு புது விதி எழுத அவகாசம் கொடுத்தார், அதைப் பின்னர் 2016 மே 10 வரை நீட்டினார். அரசின் நடைமுறைத் தவறுக்கு எட்டு மாதத்துக்கும் மேல் தவணை முறையில் பயந்துகொண்டிருந்தவர்கள் மாணவர்கள்.

புது விதிக்கான வரைவுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கருத்துகள் வந்தன. நீட்டிப்பு 17 மாதத்திலிருந்து 24 மாதமானது. மொத்தம் மூன்று ஆண்டு. நீளத்தைவிடக் கவனிக்க வேண்டியது, விதியின் நியாயம் மாறிய விதம். 2008-இல் ஆள் பற்றாக்குறை பேசிய அரசு, 2016-இல் கல்வி பேசியது. ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவம் வந்தது. மாணவர் என்ன கற்கப்போகிறார், யார் கற்பிப்பார், எப்படி மதிப்பிடுவார்கள் என்று நிறுவனமும் மாணவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆண்டு முடிவில் மாணவர் தன்னைத் தானே மதிப்பிட வேண்டும். அதே வேலைக்கு அமெரிக்கருக்குத் தரும் அளவில் சம்பளம் இருக்க வேண்டும், நிறுவனம் இ-வெரிஃபை என்ற அரசுச் சரிபார்ப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சம்பள நிபந்தனை நல்லது. கற்றல் நோக்கங்களின் கதை வேறு: மூன்றாம் ஆண்டில் ஒரு குழுவையே நடத்தும் மென்பொருள் பொறியாளர் இன்னும் பயிற்சியாளராகத்தான் அந்தப் படிவத்தில் இருக்கிறார். அவர் மேலாளருக்கும் இது தெரியும், கல்லூரி அலுவலருக்கும் தெரியும்.

வாஷ்டெக் மறுபடியும் நீதிமன்றம் போனது. 2022 அக்டோபரில் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓபிடி செல்லும் என்றது. நீதிபதி கொர்னீலியா பில்லார்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: எஃப்-1 பற்றிய சட்ட வரையறை யார் உள்ளே வரலாம் என்பதைச் சொல்கிறது, வந்தவர் எவ்வளவு காலம், எந்த நிபந்தனையோடு இருக்கலாம் என்பதைத் துறை தீர்மானிக்கலாம், அந்த நிபந்தனை விசாவின் நோக்கத்தோடு நியாயமான தொடர்பு கொண்டிருந்தால் போதும். 1947 முதல் வந்த நீண்ட நடைமுறையையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. ஓபிடி பிழைத்தது. ஆனால் பிழைத்த விதம் முக்கியம். கல்வியோடு தொடர்பு என்ற ஒரே தூணின் மேல் அது நிற்கிறது. தூண் வலுவாக இருப்பதாகக் காட்ட, ஆண்டுக்கு ஆண்டு படிவங்களில் கல்வி கூடிக்கொண்டே போகிறது.

எச்-1பி பக்கம் நெரிசல் குறையவும் இல்லை. 2024 நிதியாண்டுக் குலுக்கலுக்கு ஏழரை லட்சத்துக்கும் மேல் பதிவுகள் குவிந்தன. ஒரே ஆளுக்குப் பல நிறுவனங்கள் பதிந்ததும் இதில் சேரும், அடுத்த ஆண்டு அந்த ஓட்டையை அடைத்ததும் தொகை இறங்கியது. அப்படியும் மூன்று ஆண்டு ஓபிடி என்பது மூன்று முறை குலுக்கலில் பேர் போடும் வாய்ப்பு என்றுதான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். கற்றலுக்காக எழுதப்பட்ட ஒரு விதி, குடியேற்ற வரிசையின் காத்திருப்பு அறையாக வேலை செய்கிறது. இதற்கு மாணவரைக் குற்றம் சொல்வது எளிது. நியாயமில்லை.

நிறுவனத்துக்கு இதில் ஒரு சிறு ஆதாயமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. வரிச் சட்டப்படி எஃப்-1 மாணவர் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளிலிருந்து விலக்குப் பெறுவார். தொழிலாளி தரப்பு 7.65 விழுக்காடு மிச்சம்; முதலாளி தரப்பும் அதே 7.65 மிச்சம். 80,000 டாலர் சம்பளத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் ஆண்டுக்கு 6,120 டாலர். அமெரிக்கத் தொழிலாளர் சங்கங்களின் கோபத்தில் ஒரு பங்குக்கு இது காரணம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் போய் விழுவது விலக்கை எழுதிய சட்டத்தின் மேல் அல்ல.

முதல் நாள் சிபிடி

எச்-1பி குலுக்கலில் பேர் வராமல், ஓபிடியும் முடிந்துவிட்டவர் என்ன செய்வார்? இன்னொரு முதுகலையில் சேர்வார். சேர்ந்த முதல் நாளிலிருந்தே சிபிடி தரும் கல்லூரியாகப் பார்த்துச் சேர்வார். முன்பு சொன்ன விலக்கு இங்கேதான் வருகிறது. எல்லா மாணவருக்கும் உடனடிப் பயிற்சி கட்டாயம் என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டால் விலக்கு பொருந்தும். மாதம் ஒரு வாரக்கடைசி நேரடி வகுப்பு, மற்றதெல்லாம் இணையம், வாரம் முழுக்க முழுநேர வேலை. ‘டே ஒன் சிபிடி’ என்று இதற்கு மாணவரிடையே பெயர். இப்படி நடத்தும் கல்லூரிகளில் பல முறையான அங்கீகாரம் பெற்றவை. செய்வது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று வாதிடக் கூடியவை. பின்னாளில் எச்-1பி விண்ணப்பத்தை ஆராயும் குடியேற்ற அலுவலர், இந்தப் பயிற்சி உண்மையில் பாடத்திட்டத்தின் பகுதிதானா என்று ஆதாரம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். அந்த நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒப்புதல் தந்த அலுவலர் அல்ல.

இன்னும் இருண்ட பக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவின் ப்ளசன்டனில் இருந்த ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தில் 2011 ஜனவரியில் சோதனை நடந்தது. விசா விற்பதற்கென்றே நடந்த கடை அது. நடத்தியவர் 2014-இல் தண்டிக்கப்பட்டு 16 ஆண்டுக்கும் மேல் சிறைக்குப் போனார். அங்கே பதிந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர், அதிலும் ஆந்திரத்திலிருந்து போனவர்கள். சிலர் காலில் கண்காணிப்பு வளையம் மாட்டப்பட்டது. அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா கண்டித்தார். அந்த வளையத்தின் படம்தான் அப்போது இங்கே செய்தியானது. அரசே சான்றளித்த ஒரு நிறுவனத்தில் மாணவர் எப்படி மாட்டினார் என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டது.

அதற்குப் பிறகு அரசு செய்தது விசித்திரமானது. 2013-இல் குடியேற்றப் புலனாய்வு அமைப்பே நியூஜெர்சியின் க்ரான்ஃபோர்டில் ‘வட நியூஜெர்சி பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் ஒரு போலிக் கல்லூரியைத் தொடங்கியது. வகுப்பில்லை, ஆசிரியரில்லை. 2016 ஏப்ரலில் தரகர்கள் 21 பேர் மேல் குற்றம் சாட்டப்பட்டது. அந்தக் கல்லூரியின் பேரில் விசாத் தகுதியைத் தக்கவைத்திருந்த 1,076 மாணவர்கள் தகுதியை இழந்தார்கள். பலருக்கு அந்தக் கல்லூரி சிபிடி ஒப்புதலும் கொடுத்திருந்தது. அதாவது அரசே கொடுத்த ஒப்புதல். தாங்கள் ஏமாற்றவில்லை, ஏமாற்றப்பட்டோம் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் வழக்கைக் கேட்க வேண்டும் என்றது.

அதே ஆண்டு ஜனவரியில் மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் வெளிப்பட்டது. அதுவும் அரசு நடத்தியதே. சுமார் 600 மாணவர், கிட்டத்தட்ட எல்லோரும் இந்தியர், பெரும்பாலும் தெலுங்கு பேசுபவர்கள். ஆளுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் டாலர் அளவில் கட்டணம் வாங்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் சான்று பெற்ற கல்லூரிகள் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. ஆள் சேர்த்த எட்டுப் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மாணவர்கள் கைதாகி, பலர் நாடு திரும்பினார்கள். வகுப்பே நடக்காத கல்லூரியில் சேர்ந்தவருக்கு அது போலி என்று தெரிந்திருக்கும் என்பது அரசின் வாதம். பலருக்குத் தெரிந்தும் இருக்கலாம். வேலையைத் தொடர ஒரு சிபிடி வேண்டும் என்ற அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதே வழக்கில் மாணவர் தரப்பு சொன்னது. கட்டிய கட்டணத்துக்குக் கல்வி தரவில்லை என்று ஒரு மாணவர் அரசின் மேலேயே ஒப்பந்த மீறல் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் தள்ளியது. 2024 ஜூனில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கு நடக்கலாம் என்றது. தரகர்களைப் பிடிக்க இப்படி ஒரு வலை தேவையாக இருந்திருக்கலாம். அந்த வலையில் மாணவர் கட்டிய பணத்தையும் அரசு வைத்துக்கொண்டதை எந்த நியாயத்தில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

வேலையில்லா நாட்கள்

பட்டத்துக்குப் பிந்தைய 90 நாள் கணக்கு 2008 விதியோடு வந்தது. மூன்று ஆண்டும் பெறுபவருக்கு மொத்தம் 150. நல்ல காலத்தில் இது பெரிய வரம்பாகத் தெரியாது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்யும் ஆண்டில், கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருக்கும்போது, 70-ஆம் நாள் ஒரு மாணவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் சில ‘கன்சல்டன்சி’கள் பிழைக்கின்றன. வேலை இல்லை, ஆனால் வேலையில் சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் தருவார்கள். எண்ணிக்கை நின்றுவிடும். பதிலுக்குப் பயிற்சிக் கட்டணம், இல்லாத அனுபவம் எழுதிய சுயவிவரம், வேலை கிடைத்தால் சம்பளத்தில் பங்கு. 2020 அக்டோபரில் ‘ஆப்டிக்கல் இல்யூஷன்’ என்ற பெயரில் நடந்த சோதனையில், இல்லாத நிறுவனங்களில் வேலை பார்ப்பதாகப் பதிந்த 15 பேர் கைதானார்கள். 11 பேர் இந்தியர். நூற்றுக்கணக்கானோர் அனுமதி அட்டையைத் திரும்பப் பெறும் நடவடிக்கையும் தொடங்கியது. 2025 மே மாதம், செவிஸில் நிறுவனப் பெயர் பதியாமல் 90 நாள் கடந்தவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. அவர்களில் எத்தனையோ பேர் வேலையில்தான் இருந்திருப்பார்கள்; பதிவு மட்டும் விட்டுப்போயிருக்கும்.

2018-இல் இன்னும் கடுமையான ஒன்று முயலப்பட்டது. அதுவரை, மாணவர் விதி மீறினார் என்று அலுவலரோ நீதிபதியோ முடிவு சொன்ன நாளிலிருந்துதான் சட்டவிரோதத் தங்கல் எண்ணப்படும். அந்த ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, மீறல் நடந்த மறுநாளிலிருந்தே எண்ணலாம் என்றது. சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் தங்கினால் மூன்று ஆண்டு, ஓராண்டு தங்கினால் பத்து ஆண்டு நாட்டுக்குள் வரத் தடை. கல்லூரி அலுவலர் சிபிடியைத் தவறாகப் பதிந்திருந்து, அது இரண்டு ஆண்டு கழித்து ஓர் அலுவலர் கண்ணில் பட்டால், மாணவருக்கே தெரியாமல் பத்தாண்டுத் தடை ஏறியிருக்கும். கில்ஃபோர்டு கல்லூரியும் வேறு சிலரும் வட கரோலினாவில் வழக்குப் போட்டு, 2020 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிரந்தரத் தடை வாங்கினார்கள். கல்லூரிகள் மாணவருக்காகத் துணிந்து நின்ற இந்த வழக்கு இன்னும் பலருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகள் இதே சிக்கலைப் பெரும்பாலும் கணக்கால் சமாளிக்கின்றன. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். பாடத்திட்டத்தில் கட்டாயமான பயிற்சி அந்தக் கணக்கில் சேராது. கனடாவில் படிப்போடு சேர்ந்த பயிற்சி மொத்தப் படிப்பில் பாதியைத் தாண்டக்கூடாது. பிரிட்டனிலும் பட்டப்படிப்புக்கு ஏறத்தாழ அதே பாதி. இந்த எண்களும் கல்லில் செதுக்கியவை அல்ல. கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 20 மணிக்கு மேல் உழைப்பது 2019-இல் மீறல். ஆள் தட்டுப்பாட்டில் 2022 நவம்பரில் வரம்பு தூக்கப்பட்டது, 2024 ஏப்ரலோடு திரும்பி வந்தது, அந்த நவம்பரில் 24 மணியானது.

கற்றுக்கொள்ள வேண்டியது ஆஸ்திரேலியாவிடம். நல்ல நாடு என்பதற்காக அல்ல, மோசமாகச் சறுக்கிவிட்டுத் திருந்தியதால். அங்கே மாணவருக்கு இரண்டு வாரத்துக்கு 40 மணி என்று வரம்பு இருந்தது, இப்போது 48. 2015-இல் ஏபிசி தொலைக்காட்சியும் ஃபேர்ஃபாக்ஸ் நாளிதழ்களும் செவன்-இலெவன் கடைகளில் நடந்ததை வெளிக்கொண்டுவந்தன. மாணவர் வாரம் 40 மணி உழைப்பார், ஏட்டில் 20 மணி என்று எழுதிப் பாதிச் சம்பளம் தருவார்கள். புகார் கொடுக்கப் போனால், விசா வரம்பை மீறியது நீதானே, உன்னைத்தான் நாடு கடத்துவார்கள் என்பார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யும் இல்லை. மாணவரைப் பாதுகாக்கவும் உள்ளூர் வேலைகளைக் காக்கவும் வைத்த வரம்பு, சுரண்டுபவர் கையில் கடிவாளமாகிப்போனது. ஆலன் ஃபெல்ஸ் தலைமையிலான குழு கோரிக்கைகளை ஆராயத் தொடங்கி, கடைசியில் நிறுவனம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் நிலுவைச் சம்பளம் திருப்பித் தந்தது. 2017-இல், சுரண்டலைப் பற்றிப் புகார் கொடுப்பவரின் விசா அந்த மீறலுக்காக ரத்தாகாது என்று தொழிலாளர் கண்காணிப்பு அமைப்பும் குடியேற்றத் துறையும் உடன்பாட்டுக்கு வந்தன. 2024 ஜூலையிலிருந்து, விசாவைக் காட்டி ஒருவரை மிரட்டி வேலை வாங்குவதே முதலாளியின் குற்றம்.

அமெரிக்காவின் பயிற்சி விதிகளுக்குள் இப்படி ஒரு கதவு இல்லை. ஐ-983 படிவத்தில் கையெழுத்திட்டுப் பயிற்சியே தராத நிறுவனத்தைப் பற்றி மாணவர் கல்லூரியிடம் சொன்னால், கல்லூரி அதைப் பதிய வேண்டும். பதிந்ததும் வேலையில்லா நாட்கள் எண்ணப்படத் தொடங்கலாம். சொல்லாமல் இருப்பதே லாபம் என்று விதி கற்பிக்கிறது. ஓபிடியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்போரும், எந்த மாற்றமும் கூடாது என்று நிறுவனங்களுக்காகப் பேசுவோரும் இந்த இடத்தைத் தொடுவதில்லை.

இங்கிருந்து போகிறவர்கள் சேரும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பயிற்சிக்கென்று தனிப் பாடமும் மதிப்பெண்ணும் உண்டா, அதை மேற்பார்வையிடும் பேராசிரியர் யார், நேரடி வகுப்பு வாரத்தில் எத்தனை நாள், கல்லூரிக்கு அங்கீகாரம் தந்த அமைப்பு எது. அனுப்பிவைக்கும் தரகரிடம் கேட்டுப் பயனில்லை. துறையில் இப்போது படிக்கும் ஒருவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அரசின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்தான். ஃபார்மிங்டன் பெயரும் அதில் இருந்தது என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபரின் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் தகுதியிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்று அக்டோபரில் குடியேற்றத் துறை விளக்கியது. வெளியிலிருந்து வரும் பொறியாளரைவிட ஓபிடியில் உள்ளே இருப்பவர் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் டாலர் மலிவு. இந்த வழியில் நெரிசல் கூடத்தான் செய்யும். அதிபரின் அறிவிப்புக்குச் சில வாரம் முன்னால், ஆகஸ்ட் 28 அன்று, வேறொரு விதி முன்மொழியப்பட்டிருந்தது. படிப்பு தொடரும்வரை தங்கலாம் என்ற பழைய முறையை எடுத்துவிட்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று தேதி குறித்து உள்ளே விடுவது அதன் திட்டம். அதன்படி பட்டமேற்படிப்பில் சேர்ந்தவர் நடுவில் படிப்பை மாற்ற முடியாது. நீட்டிப்பு வேண்டுமானால் கல்லூரி அலுவலரின் ஒப்புதல் மட்டும் போதாது, குடியேற்றத் துறையிடம் நேராக விண்ணப்பிக்க வேண்டும். ஓபிடி கேட்பவர் வேலை அனுமதிக்கு ஒரு மனுவும், தங்கும் கால நீட்டிப்புக்கு இன்னொரு மனுவும் போட வேண்டிவரும். எல்லாம் முடிந்து மூட்டை கட்ட இப்போது கிடைக்கும் 60 நாள் 30 ஆகும்.